ஒரே சீராகப் போகிற பட்டை

எங்கள் ஊர்ப்பக்கம் போனில் ஒருவர் “இந்தா வந்துட்டேன்” என்று சொன்னால் அவர் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். “பஸ்ஸு ஏறிட்டேன்” என்றால் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். “பக்கத்துலதான் இருக்கேன்” என்றால் அன்றைக்கு வரவே மாட்டார். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இரண்டு பேரும் மனம் கோணாமல் போனை வைத்துவிடுவார்கள். அருப்புக்கோட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு, என் சிநேகிதி ஒருத்தியோடு வேலை பார்க்கத் தொடங்குகிறவரை, இதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

“எங்கடி இருக்க?” என்று அவளைக் கேட்டால், “இன்னும் கெளம்பல. தலை காயல. அத்தை சோறு கட்டுறாக. இந்த பஸ்ஸு போயிரும், அடுத்ததுலதான் வாரேன்” என்பாள். ஆபீஸ் நடத்துகிறவளிடம் ஒருத்தி இப்படியா உண்மை பேசுவாள்? எனக்குச் சுள்ளென்று ஏறும். “பாதி வழி வந்துட்டேன்னு சொன்னா உன் வாய் வெந்தா போகும்?” என்று கத்துவேன். “என் வாய்க்கு ஒண்ணும் ஆகாது. நீதான் வாசலையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்ப” என்பாள். போனை வைத்துவிட்டு அடுத்த பஸ் வருவதற்குள் முடிகிற வேலையைப் பார்ப்பேன்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. இப்போது அவள் தன் அண்ணன் வீட்டோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டாள். நம்பரும் மாறிவிட்டது. பெயரைப் போட்டு எழுதினால் அவளுக்குத் தெரிந்த யாராவது படித்து அவளிடம் காட்டுவார்கள், அவள் மறுபடியும் அந்த நாளுக்குள் போய் நிற்க வேண்டிவரும். அது வேண்டாம். கல்லூரியில் என்னோடு படித்தவள், திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு சம்சாரி வீட்டில், அதாவது விவசாயக் குடும்பத்தில், வாக்கப்பட்டவள் என்பது போதும். என் அண்ணனுடைய பெயின்ட் கடை மாடியில் நான் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ் போட்டபோது, கூப்பிட்டவுடன் வந்து சேர்ந்தாள். நாங்கள் இரண்டு பேர், பிறகு மல்லாங்கிணறிலிருந்து முத்துராஜ். ஆபீஸ் அவ்வளவுதான்.

எங்களுக்கு அன்றைக்குச் சோறு போட்டது மதுரையில் ஒரு வியாபாரி கொடுத்த வேலை. தோட்டத்து போர் மோட்டாரில் அவர் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிடுவார். உள்ளே சிம் கார்டு இருக்கும். மோட்டார் ஓடியதா, தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுற்றுகிறதா என்று கேட்டால் பெட்டி பதில் சொல்லும். காலையில் எல்லாப் பெட்டிகளையும் கேட்டுப் பதில் வாங்குகிற நிரலைப் பைதான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் நாங்கள் எழுதிக் கொடுத்தோம். பட்டன், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஓடும்.

ஒரு பெட்டியைக் கேட்டுவிட்டு, அது பதில் சொல்கிறவரை நின்று, பிறகு அடுத்த பெட்டி என்று போனால் பொழுது போய்விடும். காரியாபட்டிப் பெட்டி உடனே பேசும். நரிக்குடிப் பக்கத்துப் பெட்டிக்கு டவர் கிடைத்தால்தான் உண்டு. அதனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, எது முதலில் வாய் திறக்கிறதோ அதை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும். ‘ஏசின்க்’ என்று அதற்குப் பெயர். முத்துராஜுக்கு இது முதலில் பிடிபடவே இல்லை. “உலையில அரிசியப் போட்டுட்டு அது வேகுற வரைக்கும் பானையவே பாத்துக்கிட்டு நிக்கிற பொம்பளைய நீ பாத்திருக்கியா? அந்நேரத்துக்குக் காய் நறுக்குவாள்ல, கொழம்பக் கூட்டுவாள்ல, அதான்டா” என்று அவள் சொன்னாள். அன்றிலிருந்து அவன் அதற்கு ‘அடுப்படி வேலை’ என்று பெயர் வைத்துவிட்டான்.

நிரல் சரியாகத்தான் ஓடியது. ஓடும்போது திரையில் ஒன்றும் தெரியாது. ஒரு கட்டம் மட்டும் மினுக்கிக்கொண்டு கிடக்கும். மதுரையில் அதை ஓட்டுகிற அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்ப்பார், ‘தொங்கிருச்சு’ என்று முடிவு கட்டி, மூடிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டுவார். மறுபடியும் அதே. பிறகு எங்களுக்குப் போன் போட்டுக் கிழிப்பார். நானும் பதிலுக்குக் கிழிக்கத் தயாராக இருந்தேன். அவள்தான் தடுத்தாள். “அவுக மேல தப்பில்லடி. ஒருத்தர இருட்டுல நிக்க வச்சிட்டு, எம்புட்டு நேரம்னும் சொல்லாம, அசையாம நில்லுன்னா யாரு நிப்பா?”

அப்படித்தான் அந்தப் பட்டை வந்தது. எத்தனை பெட்டி பதில் சொல்லியிருக்கிறது, எத்தனை மிச்சம் என்று திரையின் அடியில் இடமிருந்து வலமாக நிரம்பிக்கொண்டு போகிற பட்டை. ஒரு வரி வேலைதானே என்று முதலில் நான் போட்டேன். எல்லா வேலையையும் மொத்தமாகச் சேர்த்து முடிக்கிற ‘கேதர்’ என்கிற வழியில் போட்டதால், பட்டை கடைசிவரை பூஜ்யத்திலேயே நின்றுவிட்டு ஒரே நொடியில் நூறுக்குத் தாவியது. அவள் சிரித்த சிரிப்பில் கீழே கடையிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். “பத்திரிகையும் பந்தியும் ஒரே நேரத்துல வந்த மாதிரில்ல இருக்கு” என்றாள்.

அடுத்து முத்துராஜ் போட்டான். அவன் பெட்டிகளைப் பட்டியல் வரிசைப்படி ஒவ்வொன்றாக எதிர்பார்த்து நின்றான். பட்டியலில் முதல் பெட்டி நரிக்குடிப் பெட்டி. அது வாய் திறக்கவில்லை. மற்றதெல்லாம் பதில் சொல்லி முடித்தும் பட்டை அசையவில்லை. “வந்தவுகளை எல்லாம் வாசல்ல நிக்க வச்சிட்டு, வராதவன எதிர்பாத்துக்கிட்டு இருக்கியே” என்று அவனைத் தலையில் தட்டிவிட்டு, யார் முதலில் வந்தாலும் அவர்களை எண்ணிக்கொள்கிற மாதிரி அவள் மாற்றினாள். அவ்வளவோடு விட்டாளா? எந்த ஊர்ப் பெட்டி கடைசியாகப் பதில் சொன்னது என்பதைத் தமிழில் காட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து ஒழுங்காக உட்காராது. கொம்பும் காலும் இடத்தை அடைத்துக்கொண்டு பட்டையை அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். இங்கிலீஷில் போட்டுத் தொலை என்றேன். “ஓட்டுறவுக படிக்க வேணாமா?” என்று கேட்டுவிட்டு, ஊர்ப்பெயருக்குத் தனி வரி ஒதுக்கி, அது சரியாக நிற்கிறவரை வேறு எந்த வேலையையும் தொடவில்லை. மதுரை அண்ணாச்சி அதன்பிறகு போன் பண்ணினால் குரலில் சர்க்கரை வழியும். “நரிக்குடிதாம்மா பாக்கி, அதான் ஒக்காந்திருக்கேன்” என்பார்.

இவளுக்கு இது கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். சாப்பிட உட்கார்ந்தால்கூட, “எனக்கு இன்னும் பாதி இருக்கு, நீ கையக் கழுவு” என்பாள். கீழே கடைக்கு வந்து காத்திருக்கிறவர்களிடம் போய், “அண்ணன் குடோன்ல இருக்காக, வர நேரமாகும், டீ குடிச்சிட்டு வாங்க” என்று சொல்லிவிடுவாள். “வாரவுகள வெளிய அனுப்புறதுக்கா இவள மாடியில வச்சிருக்க?” என்று அண்ணன் என்னிடம் பல்லைக் கடிப்பார். ஒருமுறை அவளுடைய அத்தை, அதாவது மாமியார், டவுனுக்கு வந்தபோது ஆபீஸுக்கும் ஏறி வந்தார். என் காதுபடவே, “விசேஷம் எப்ப தாயி?” என்று அவளைக் கேட்டார். நான் சங்கடப்பட்டுத் திரையைப் பார்த்தேன். அவள் நிதானமாக, “மொத்தம் தெரியாத வேலைக்கு இம்புட்டு ஆச்சு, இம்புட்டு மிச்சம்னு சொல்லக்கூடாது அத்தே. வந்தா மொதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்” என்றாள். அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, மருமகள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுப் போனார்.

அவள் வீட்டுக்காரரை நினைத்தால் எனக்கு இப்போதும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. பிறகுதான் மற்றது. அவர் மானாவாரி வெள்ளாமையோடு ஒரு சின்ன லோடு வண்டியும் ஓட்டினார். சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக பைக்கில் வருவார். உலகத்தில் உள்ள அத்தனை ‘இந்தா வந்துட்டேன்’களையும் அவர் ஒருவரே குத்தகைக்கு எடுத்திருந்தார். அவளைச் சீண்டுவதற்காகவே கூடுதலாகச் சொல்வார் என்று நினைக்கிறேன்.

“எங்க இருக்கீக?”

“இந்தா வந்துட்டேன். ரயில்வே கேட்டுல நிக்கிறேன்.”

“ரயில்வே கேட்டுல ஆடு கத்துதா?”

“அதுவும் ரயிலுக்குத்தான் நிக்கிது.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கிற முத்துராஜ் மேசையில் தலையை வைத்துச் சிரிப்பான். அவள் முகம் சிவக்கப் போனை வைப்பாள். இருட்டுகிற நேரத்துக்கு அவர் காராச்சேவுப் பொட்டலத்தோடு படியேறி வருவார். ஆபீஸில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடைசியில் அவளிடம் நீட்டி, “நான் எங்க வாரேன்னு உனக்குத் தெரியாட்டித்தானே நீ என்னயவே நினைச்சுக்கிட்டு இருப்ப?” என்பார். அவள் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொள்வாள். அந்த இரண்டு பேர் படியிறங்கிப் போவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். கொஞ்சம் பொறாமையும் உண்டு, ஏன் மறைக்க வேண்டும்?

முத்துராஜை அவள் நிஜமாகவே திட்டியது ஒரே ஒரு முறை. வேறொரு கஸ்டமருக்கு அவன் தனியாக ஒரு நிரல் எழுதினான். உள்ளே நடப்பதை எண்ணிப் பட்டையோடு கோப்பது சிரமமாக இருந்ததால், குறுக்கு வழியாக நேரத்தை வைத்துத் தானாக நகர்கிற பட்டை ஒன்றைப் போட்டுவிட்டான். உள்ளே வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது பாட்டுக்கு நூறு வரை போகும். கஸ்டமருக்கு ஏகச் சந்தோஷம். அவள் டீ டம்ளரோடு அவன் பின்னால் நின்று சற்று நேரம் பார்த்தாள்.

“இது பொய்ப் பட்டை” என்றாள்.

அவன் திருதிருவென்று விழித்தான். “எப்படிக்கா கண்டுபிடிச்சீக?”

“ஒரே சீரா போகுதே. நெசமான வேலை இப்படியா போகும்? நாலு பெட்டி சேர்ந்து பதில் சொல்லும், பட்டை குதிக்கும். அப்புறம் ஒண்ணும் வராது, நிக்கும். திரும்பக் குதிக்கும். கடைசியில வந்து இழுக்கும். இது பாரு, ஊர்கோலம் போற மாதிரி போகுது.”

“கஸ்டமரு சந்தோஷமா இருக்காருடி, விடு” என்று நான் குறுக்கே போனேன்.

“சந்தோஷமா இல்ல, நம்பிக்கிட்டு இருக்காரு” என்றாள். டம்ளரை வைத்த வேகத்தில் டீ மேசையில் தெறித்தது. “வேலை நடக்கலைன்னு தெரிஞ்சா மனுசன் வேற வழி பாப்பான். நடக்குதுன்னு காட்டி ஒருத்தர ஒக்கார வைக்கிறது மாதிரிப் பாவம் கிடையாது முத்துராஜ்.” அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் அவளே அவனோடு உட்கார்ந்து அதை உண்மைப் பட்டையாக மாற்றிக் கொடுத்தாள். அது விக்கி விக்கித்தான் ஓடியது. பார்க்க முன்னது மாதிரி அழகாக இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் வியாபாரி எங்கள் மோட்டார் நிரலை ஓட்டிக் காட்டச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். நானும் அவளும் முதல் நாளே போய்த் தங்கி, காலையில் அவர் ஆபீஸில் லேப்டாப்பைத் திறந்தோம். பட்டை பாதி நிரம்பியிருந்தபோது அவளுடைய மாமனாரிடமிருந்து போன் வந்தது.

அவர் குரல் எனக்கே கேட்டது. “தாயி, ஒண்ணும் பதறாத. வண்டி லேசாச் சாஞ்சிருச்சு. அவனுக்குக் காலுல அடி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். நீ கெளம்பி வா.”

அந்த வியாபாரி நல்ல மனுஷர். உடனே ஒரு காரை டிரைவரோடு எடுத்துக் கொடுத்தார். அவள் பையை எடுக்க உள்ளே போன நேரத்தில் என் போன் அடித்தது. அண்ணன்.

“ஏ, சத்தம் காட்டாமக் கேளு. அவ வீட்டுக்காரரு நரிக்குடிக்கு லோடு ஏத்தப் போன எடத்துல டயரு வெடிச்சு வண்டி கவுந்திருச்சு. அந்த எடத்துலயே உசுரு போயிருச்சாம்.”

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“அவ வீடு வந்து சேர்ற வரைக்கும் தெரியக்கூடாதுன்னு அவ மாமனார் சொல்லச் சொன்னாரு. வழி நெடுக அவரே பேசிச் சமாளிச்சுக்கிறாராம். பெத்த பிள்ளை செத்துக் கெடக்கு, மனுசன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலயாம். நீ மூச்சு விட்றாத.”

இது எங்கள் பக்கத்து வழக்கம்தான். தூரத்தில் இருக்கிறவருக்குச் சாவைச் சொல்லமாட்டார்கள். ‘கொஞ்சம் முடியல, பாத்துட்டுப் போ’ என்பார்கள். ஒற்றையாக வருகிறவர் வழியில் ஒடிந்து விழுந்துவிடக் கூடாதே என்கிற பயம். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் இவளிடமா? ஐயோ, உலகத்தில் வேறு யாரிடம் செய்தாலும் சரி, இவளிடமா?

கார் கிளம்பியது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பல்லடம் தாண்டும்போது மாமனார் கூப்பிட்டார். “ஆஸ்பத்திரில சேத்தாச்சு தாயி.” தாராபுரத்தில் கூப்பிட்டார். “கட்டுப் போட்டாச்சு. ரத்தம் நின்னுருச்சு.” அதற்கப்புறம், “கண்ணு முழிச்சிட்டான் தாயி. டாக்டரு பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாரு.” பிறகு, “டீ குடிச்சான்.” ஒவ்வொரு முறையும் அவள், “சரி மாமா. நாங்க தாராபுரம் தாண்டிட்டோம்”, “ஒட்டன்சத்திரத்துக்குள்ள வந்துட்டோம் மாமா, இங்க கூட்டமா இருக்கு, மெதுவாத்தான் போகுது” என்று தன் பங்குக்கு இருக்கிற இடத்தைச் சரியாகச் சொன்னாள். அவர் குரலில் அவ்வளவு தெம்பு. கேட்கக் கேட்க எனக்கே ஒரு நப்பாசை வந்துவிட்டது. அண்ணனுக்குத் தப்பாகச் சொல்லியிருப்பார்களோ, ஒருவேளை பிழைத்துக்கிடக்கிறாரோ என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் இன்னொரு போன். “உன்னயத்தான் தாயி கேட்டுக்கிட்டு இருக்கான். டாக்டரு வீட்டுக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு. நீ ஆஸ்பத்திரிக்கு வர வேணாம், நேரா வீட்டுக்கு வந்துரு.”

அவள் போனை மடியில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“போயிட்டாகள்ல?”

“யாரு? என்னடி பேசுற? இப்பத்தானே மாமா...”

“ஒரே சீரா போகுதுடி” என்றாள்.

நான் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அடிபட்ட மனுசன்னா ஒருக்கா நல்லா இருக்கும், ஒருக்கா மோசமாகும், நடுவுல ஒண்ணும் தெரியாமக் கெடக்கும். மாமா போன் பண்ணுற ஒவ்வொரு தடவையும் கொஞ்சங் கொஞ்சமா நல்லாயிக்கிட்டே வாராக. ஒரு எடத்துலகூட நிக்கல.” அவள் குரல் அங்கே உடைந்தது. “கண்ணு முழிச்சவுக போன வாங்கி என்கிட்ட பேசமாட்டாகளா? ‘இந்தா வந்துட்டேன்’னு ஒரு பொய்யாவது சொல்லமாட்டாகளா? சொல்லுடி, சொல்லாம இருப்பாகளா?”

நான் அழுதுவிட்டேன். அதுவே அவளுக்குப் பதிலாகிவிட்டது. துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு அவள் முன் சீட்டில் நெற்றியை முட்டினாள். முட்டிக்கொண்டே இருந்தாள். நான் அவள் தலைக்கும் சீட்டுக்கும் நடுவில் என் கையை வைத்தேன். டிரைவர் வண்டியை ஓரம் கட்டப் போனார். “நிறுத்தாதீக அண்ணே, போங்க” என்று துப்பட்டாவுக்குள்ளிருந்தே சொன்னாள்.

திண்டுக்கல் வருவதற்குள் மறுபடி போன் அடித்தது. மாமனார்தான். அதை அணைத்துவிடுவாள், இல்லை கத்துவாள் என்று நினைத்தேன். முத்துராஜ் போட்ட ஒரு சின்னப் பொய்ப் பட்டைக்கு ஆடியவள். தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள். இருமித் தொண்டையைச் சரி செய்துகொண்டாள்.

“சொல்லுங்க மாமா.”

“இட்லி சாப்பிட்டான் தாயி.”

“அப்படியா மாமா? எத்தனை சாப்பிட்டாக?”

“ரெண்டு” என்றார்.

“இன்னொண்ணு குடுங்க மாமா. சட்னி வைக்காதீக, அவுகளுக்குச் சீனி தொட்டுக்கிட்டாத்தான் பிடிக்கும்.”

“சரி தாயி. சீனியே வைக்கச் சொல்லுறேன்.”

“நாங்க திண்டுக்கல்ல நெருங்கிட்டோம் மாமா. நீங்க ஏதாச்சும் சாப்பிடுங்க.”

போனை வைத்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக, “ஏன்டி இப்படி? தெரியும்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?” என்றேன்.

“இப்ப சொன்னேன்னா அவுக அந்த எடத்துலயே விழுந்துருவாக. பந்தல் போடணும், ஊருக்கு ஆள் விடணும், ஆஸ்பத்திரில கையெழுத்துப் போட்டு வாங்கணும், அம்புட்டுக்கும் அவுக ஒத்த ஆளு. எனக்காகச் சொல்லுறாகன்னு நினைச்சியா? மகன் டீ குடிக்கான், இட்லி திங்கான்னு சொல்லிச் சொல்லித்தான்டி அவுகளே நிக்கிறாக.” கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. “நான் போற வரைக்கும் ஓடட்டும்.”

அதன்பிறகு மதுரை வரை, காரியாபட்டி வரை, அங்கே திருச்சுழிப் பாதையில் திரும்பிய பிறகும், அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டாள். மகன் தூங்குகிறான் என்றார். “எழுப்பாதீக மாமா, தூங்கட்டும்” என்றாள். மடியில் போன் அணைந்ததும் என் தோளில் விழுந்து சத்தமில்லாமல் நடுங்குவாள். போன் அடித்ததும் நிமிர்வாள். பாதையின் இரண்டு பக்கமும் கருவேலங்காடு ஓடிக்கொண்டிருந்தது. நான் அவள் கையை விடவே இல்லை.

ஊருக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தெரு நிறைய ஆட்கள். பந்தல் போட்டிருந்தது. மேளக்காரர்கள் மேளத்தைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவள் வந்து சேர்கிறவரை ஒரு சத்தம் கேட்கக்கூடாது என்று மாமனார் சொல்லி நிறுத்தி வைத்திருந்தார். சாவு வீட்டுத் தெரு அப்படி ஊமையாக நின்று நான் பார்த்ததே இல்லை.

கார் நின்றதும் அவரே ஓடிவந்து கதவைத் திறந்தார். தோளில் துண்டு ஒழுங்காக மடித்துக் கிடந்தது. சிரிக்க முயன்றார். பின்னால் பந்தல் தெரிகிறது, மேளம் தெரிகிறது, கூட்டம் தெரிகிறது. அவருக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. நிறுத்தவும் தெரியவில்லை.

“வா தாயி. பதறாம எறங்கு. ஒண்ணும் இல்ல, நல்லாத் தூங்குறான்...”

அவள் இறங்கி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, எனக்குத் தெரியும். திண்டுக்கல்லுக்கு முன்னாடியே தெரியும். போதும் மாமா. இனி நீங்க அழுகலாம்.”

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு போயிற்று.

“ரெண்டு இட்லி தின்னான்னு சொன்னேனே தாயி” என்றார்.

“ஆமா மாமா. நானும் கேட்டுக்கிட்டேன்ல” என்றாள்.

அவர் கார்ச் சக்கரத்தின் பக்கத்தில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தெருவில் அன்றைக்கு முதலில் கேட்ட அழுகை அவருடையதுதான்.